வால் மேலே இருந்தது

"குடுங்க மாமா, பாத்தது போதும். எங்க அக்காவைக்கூட நீங்க இவ்வளவு நேரம் பாத்து நான் பாத்ததில்ல."

"உங்கக்கா எங்கடா நின்னு பாக்க விடுறா? எந்நேரமும் பஸ்ஸை எடுத்துக்கிட்டு ஓடுறா. வாரைப் பிடிச்சு இழுக்காத, அந்துறும்."

மொட்டை மாடியில் புருஷனும் தம்பியும் ஒரு பைனாகுலருக்காக மல்லுக்கட்டுவது படிக்கட்டில் நின்றவளுக்குக் கேட்டது. அவளைத் தெருவே டிரைவரக்கா என்றுதான் கூப்பிடும். டவுன் பஸ் ஓட்டுகிறவள். எந்தச் சந்திலும் பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிறவள், சொந்த வீட்டுப் படியைக் காலால் தடவித் தடவி ஏறிக்கொண்டிருந்தாள்.

சூரியன் இறங்கி இருட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச மாதங்களாகவே இந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு இரண்டு பக்கமும் யாரோ திரையை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கும். போன வாரம் சாலையைக் கடந்த ஒரு ஆளை அவள் பார்க்கவே இல்லை. கண்டக்டர் கத்தியதில்தான் பிரேக்கை மிதித்தாள். அசதி என்று சொல்லிச் சமாளித்தாள். வெளியே சொன்னால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால், அடுத்த முறை கண்டக்டர் கத்தாமல் இருந்துவிட்டால்?

"வாக்கா. வால்நட்சத்திரம் இன்னைக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது," என்றான் தம்பி. பகலில் செல்போன் கடை, இருட்டினால் வானம், அதுதான் அவன் பிழைப்பு. "அந்தத் தண்ணித் தொட்டிக்கு நேர் மேல பாரு."

பார்த்தாள். தொட்டியே மங்கலாகத்தான் தெரிந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். கறுப்பு. திருகைத் திருப்பிப் பார்த்தாள். அதே கறுப்பு.

"ம்ம், தெரியுது. நல்லா இருக்கு."

"வால் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் படங்களில் பார்த்ததை நினைத்துக்கொண்டாள். கீழே போகிற பொருளுக்கு வால் மேலே. இது எங்கே போகிறது? சூரியன் போன பக்கத்திலிருந்து கிளம்பி மேலே ஏறுகிறது போல. அப்படியானால் புகை மாதிரி வால் பின்னால்தானே விழும்?

"கீழ. சூரியன் போன பக்கமா தொங்குது."

தம்பி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அது வண்டிப் புகை மாதிரி பின்னால வராதுக்கா. சூரியன் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் வால் இருக்கும். இப்ப மேல நிக்குது."

"நானும் கீழன்னுதான் சொல்லியிருப்பேன். அவளை ஏண்டா சோதிக்கிற?" என்று புருஷன் சிரித்தான்.

"நீங்க பாக்காம இருந்தா சொல்லியிருப்பீங்க, மாமா."

சிரிப்பு நின்றது. புருஷன் அவள் தோளுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி மெல்ல ஆட்டினான். அவள் திரும்பவில்லை. கன்னத்தில் அந்தக் கை பட்டபோது தூக்கிவாரிப் போட்டது.

"எத்தனை நாளா இப்படி?" அவன் குரலே மாறியிருந்தது.

"கத்தாதீங்க. கீழ்வீட்டுக்குக் கேக்கும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. டிப்போவின் டைம்கீப்பர்.

"அக்கா, இன்னைக்கு லீவுன்னு தெரியும். கடைசி டிரிப்புக்கு ஆள் இல்ல. உங்களை விட்டா யாருமில்ல, கொஞ்சம் வந்துருங்களேன்."

வரேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம். சாலையைக் கடந்த அந்த ஆள் நினைவுக்கு வந்தான்.

"இல்லப்பா. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியல. நாளைக்குக் காலையில வந்து எழுதிக் குடுக்குறேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், கைப்பிடிச் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படிக்கிறவர்களைக் கேட்கிறேன். இருட்டினால் பார்வை மங்குவதை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் யாராவது உண்டா? முதலில் யாரிடம் சொன்னீர்கள், சொன்ன பிறகு என்ன ஆயிற்று? கீழே எழுதுங்கள்.