பாறையிலிருந்து விழுந்த ஆட்டுக்குட்டிகள்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. என் பொய்யல்ல, ஓர் ஊரே கூடிச் சொன்னது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரொடோப்பி மலையில் பனி உருகத் தொடங்கிய ஒரு…' வேண்டாம். பனி உருகாவிட்டாலும் இது நடந்திருக்கும்.

2
ஸ்லாவ்கா அந்த மலையூரின் கால்நடை மருத்துவர். பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், வீட்டில் ஆடு அறுக்கக் கூடாது, உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றொரு விதி அவள் தலையில் விழுந்தது. (விதியின் எண்ணைக் கேட்காதீர்கள். கதைக்காக நான் இயற்றியது.) கூடமோ மலைக்கு அந்தப் பக்கம்.

வசந்தத்தில் வரும் புனித ஜார்ஜ் திருநாளன்று, வழக்கம்போல, வீட்டுக்கு வீடு ஆட்டுக்குட்டி வெந்தது. ஸ்லாவ்கா தட்டிய கதவெல்லாம் ஒரே பதிலைச் சொன்னது: குட்டி பாறையிலிருந்து தவறி விழுந்துவிட்டது, பாவம். சொன்ன கையோடு அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட்டாள். விபத்து என்றே எழுதினாள்.

அந்த ஊரில் ஆடு வளர்க்கும் ராதுல் மட்டும், "நான்தான் அறுத்தேன் டாக்டரம்மா. என் ஆடு, என் கத்தி," என்றான். அவனுக்கு மட்டும் அபராதம்.

(ராதுலை உத்தமனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. பக்கத்து வீட்டான் சொன்னதையே தானும் சொல்வதா என்ற வீம்பாக இருக்கலாம்.)

3
சில ஆண்டுகள் கழித்து, நடைமுறை அனுபவத்திலிருந்து பாடம் கற்று விதியைத் திருத்த, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு குழு வந்தது. ஸ்லாவ்கா ஆண்டுதோறும் எழுதிய விபத்து அறிக்கைகளைப் படித்து நெஞ்சுருகியது. வசந்தம்தோறும் இத்தனை குட்டிகளா? அறுப்பு விதி அருமையாக வேலை செய்கிறது, அது அப்படியே இருக்கட்டும். பாறையோரம் வேலி போட மட்டும் நிதி தரலாம் என்றார்கள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகுதான் உறைத்தது: வேலி வந்தபின் குட்டி எப்படி விழும்?

உண்மையைச் சொன்னால் ஸ்லாவ்காவின் வேலை போகும். ஊருக்கே அபராதமும் வரும். வேலியைப் பற்றிப் பேசக் குழு கூட்டிய கூட்டத்துக்கு முந்தைய மாலை ராதுல் அவளைத் தேடி வந்தான்.

"வேலி தாண்டிக் குதிக்கிற சாதி ஆடுன்னு எழுதிடுங்களேன்."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. என்ன செய்யுறதுன்னே தெரியல."

"அன்னிக்கு என் வீட்டுல மட்டும் உங்க பேனா உண்மை எழுதிச்சு. நாளைக்கும் எழுதுமான்னு பாக்க வந்தேன்."

4
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், விதி மாறுகிறது, வேலை போகிறது. கிழித்துவிட்டேன், அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

முடிவு இரண்டு: வேலி எழுகிறது, குட்டிகளை இனி ஓநாய் தின்கிறது என்று ஊர் சொல்கிறது. அடுத்த குழு ஓநாய்களை எண்ண வருகி…

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கூட்டத்தில் குழுவின் தலைவியம்மா, வேலி எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். ஸ்லாவ்கா எழுந்தாள். வாய் திறந்தாள்.

அவள் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நீங்கள் சொல்வதை ஒருவர் குறித்துக்கொண்டிருக்கிறார், அதிலிருந்தும் யாரோ பாடம் கற்பார்கள்.