சுமை: மிகக் கடுமை

அதிகாரி வர இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. கழிப்பறை நாற்காலியை எங்கே ஒளிப்பது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை.

"பீரோவுக்குப் பின்னாடி தள்ளு."

"ஏங்க, அதப் பாக்கத்தானே அவங்க வராங்க?"

"வீட்டுக்கு ஒரு ஆள் வர்றப்ப இதையா கண்ணுல படற மாதிரி வைப்பாங்க? மானம் போயிடும்."

மானம் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே சக்கர நாற்காலி பரணுக்கு ஏறியது. மருந்துகள் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் பதுங்கின. ரப்பர் விரிப்பு மொட்டைமாடியில் காற்று வாங்கப் போனது. உதவி கேட்டு மனுப் போட்ட குடும்பம், உதவி தேவைப்படுவதற்கான சாட்சியங்களை ஒன்றுவிடாமல் அழித்து முடித்தபோது மணி பத்து.

மாமனார் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவரைத் தூக்குவது, துடைப்பது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொருதரம் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் மருமகள். அதற்கு முன் அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தினதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். அங்கே காலை ஷிப்ட் ஒன்று காலியாகியிருந்தது. மாதக் கடைசி வரை காத்திருக்கிறோம் என்றிருந்தார்கள். வீட்டுப் பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் காலையில் மட்டும் ஒரு ஆளை வைக்கலாம். கிடைக்காவிட்டால், அந்த ஊசியை வேறு யாராவது குத்துவார்கள்.

அதிகாரியம்மா நல்லவர். செருப்பை வெளியே விட்டு, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, படிவத்தை மடியில் விரித்தார்.

மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், சீவிய தலையோடு, கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

"அய்யா, நீங்களா எந்திரிப்பீங்களா?"

முப்பது வருஷம் மற்றவர்களை எழுந்து நிற்கச் சொன்ன மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். எழுந்தே விட்டார்!

"மாமா, வேணாம் மாமா..."

"நீ சும்மா இரும்மா. எனக்கென்ன கேடு?"

"குளியல்?"

"நானேதான்."

"சாப்பாடு?"

"நானேதான். ஒரு காலத்துல இருநூறு தண்டால் எடுப்பேன், தெரியுமா?"

அதிகாரியம்மா தண்டாலுக்குக் கட்டம் இல்லாததால் அதை மட்டும் எழுதவில்லை. பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"கவனிச்சுக்கிற ஆளு யாரும்மா?"

"நான்தாங்க."

"நீங்க மருமகதானே? வீட்டு ஆளு. நான் கேட்டது, கவனிக்கிறதுக்குன்னு யாரு இருக்காங்கன்னு."

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படிப் பாத்தா... யாருமில்லீங்க."

கவனிப்பவர்: இல்லை. சுமை: இல்லை. ஆறு வருஷம் இரண்டே சொல்லில் அடங்கியது. வீடு இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பாராட்டிவிட்டு அதிகாரியம்மா கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் மாமனார், கொடி அறுந்த துணி மாதிரி கட்டிலில் விழுந்தார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'மனுதாரர் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்கிறார். உதவி மறுக்கப்படுகிறது.'

மருமகள் அழவில்லை. மறு ஆய்வு கேட்டு அன்றே ஒரு மனு எழுதித் தபாலில் போட்டாள். வரும் வழியில் பரிசோதனை நிலையத்துக்குப் போய், திங்கட்கிழமை சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"என்னது, சேர்றியா? அப்பாவ யாரு பாக்கிறது?" புருஷன் குதித்தான்.

"பாக்க வேண்டியதில்லைன்னு அரசாங்கமே எழுதியிருக்கே. அதுல நம்பிக்கை இல்லேன்னா நீங்க லீவு போடுங்க. காலைல ஆறரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும்தான். அப்புறம் நான் வந்துடுவேன்."

"ஏம்மா, நான் ஆம்பள..."

"அவரும் ஆம்பளதானேங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகும்."

கட்டிலிலிருந்து ஒரு செருமல் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

கூரியர் ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர் அவன். ஒரு அப்பாவை மேய்க்க முடியாதா என்று நினைத்தான். முதல் நாள் அப்பாவைத் தூக்கப்போய் இருவரும் சேர்ந்து கட்டிலில் விழுந்தார்கள். இரண்டாம் நாள் மானத்தை பீரோவுக்குப் பின்னாலிருந்து அவனே இழுத்து நடுக்கூடத்தில் போட்டான். மூன்றாம் நாள் துவைக்கிற துணியும் சமைக்கிற பாத்திரமும் ஒரே குழாயடியில் சந்தித்துக்கொண்டன. நான்காம் நாள், அடி வாங்கிய முகத்தோடு, தோளில் ஈரத் துண்டோடு, ஒரு கையில் பெட்பேனோடு கதவைத் திறந்தான். வாசலில், மறு ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா.

"அய்யய்யோ... சார், நீங்களா செய்றீங்க?"

பெட்பேனை மறைக்க இடம் தேடினான். கிடைக்கவில்லை.

"வீட்டுல யாரும் இல்லையா சார்?"

"அவ வேலைக்குப் போயிருக்கா."

"பாவம் சார் நீங்க!" அவர் கண் உண்மையிலேயே கலங்கிவிட்டது. "எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாளா மேடம்."

அந்தக் குரலில் நாற்பது வருஷக் களைப்பு இருந்தது. உள்ளே வாத்தியார் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. மகன் திருப்பிப் போட்ட கோணத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "தண்டாலா? ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க முடியல, தாயி," என்றார்.

கவனிப்பவர்: மகன். சுமை: மிகக் கடுமை. ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது.

அன்றைக்கு அவன் வீடே அதிரக் கத்தினான். "கெடைச்சிடுச்சு! இனிமே ஆள் வச்சுக்கலாம்!"

மருமகள் கடிதத்தை வாங்கி, அவன் படிக்காத பின்பக்கத்தைப் படித்தாள். "ஆள் வைக்க முடியாதுங்க. வீட்டு ஆளே பாக்கிறதா எழுதியிருக்காங்க, அதனால தொகை உங்களுக்குத்தான். காலை நேரத்துல நீங்க வீட்ல இருக்கணும், சொல்லாம வந்து பாப்பாங்க. ஆளை மாத்தினா மொதல்லேர்ந்து மனுப் போடணும்."

"உன் பேருக்கு மாத்திட்டா?"

"என் பேருக்குன்னா சுமையே இல்லையேங்க. அப்புறம் எதுக்குப் பணம் குடுப்பாங்க?"

அவன் ஆபீசில் கெஞ்சி மாலை ஷிப்ட் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் வெளியூரிலிருந்து அவன் தங்கை போன் செய்தாள். அவன் கை இரண்டும் சோப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். ஆறு வருஷமாக அண்ணியிடம் அவள் பேசியதெல்லாம் 'அப்பா நல்லா இருக்காரா' என்ற ஒரு கேள்விதான். இப்போது குரல் உடைந்து வந்தது.

"அண்ணா, கேள்விப்பட்டேன். ராத்திரி பூரா தூக்கமே இல்ல. எப்படிண்ணா தாங்குற? இதெல்லாம் ஒரு மனுஷன் செய்யிற வேலையா?"

கூடத்தில் மருமகள் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொல்லுங்க," என்றாள். "எட்டு மணிக்கு மாமாவ வலது பக்கமாத் திருப்பிப் போடணும். மறந்துடாதீங்க."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.