வேறு சட்டையில் அடித்த கோல்கள்

1.
இந்தக் கதை மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பனிச்சறுக்கு அரங்கின் கன்ரீனில் கிடைத்தது. கண்ணாடிக்கு அப்பால் பொடியன்கள் ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த விளையாட்டு விளங்காது, தூக்கக் கலக்கம் வேறு. எதிரே என் மச்சாள் நிருஷா மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஹொக்கிக் கழகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள் அவள்.

"என்ன நிருஷா, முகம் தொங்குது?"

"றெனோல்ட் அண்ணையை வச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு நான்தான் எழுதிக் குடுக்கவேணும், அத்தான்."

2.
முதல் வரி: ‘பனி மெல்ல விழுந்த ஒரு மாலையில்…’ வேண்டாம். மொன்றியலில் பனி விழாத கதையை எவர் எழுதினார்?

இன்னொன்று: ‘றெனோல்ட் என்ற தோற்றுப்போன மனிதர்…’ சீ, அதுதானே கேள்வியே.

ஊரூராய்ப் போய் இளம் ஆட்டக்காரரைப் பார்த்து, "இவனை எடுங்கோ" என்று கழகத்துக்குச் சொல்வது அவர் வேலை. கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் அவர் பொறுப்பு. இருபது வருடத் தெரிவுகளை நிருஷா மதிப்பிடவேண்டும். தங்கள் சட்டையில் அடித்த கோல் மட்டுமே கணக்கு என்பது கழகத்தின் வழக்கம். அப்படிப் பார்த்தால் மனிசன் முட்டை. ஆனால் அவர் எடுத்த பொடியன்களைக் கழகம் பொறுமையில்லாமல் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. போன இடங்களில் அவர்கள் அடித்துத் தள்ளினார்கள்.

"அதையும் சேர்த்து எழுதுமன்."

"எழுதினா பிழை எங்கட மனேஜரில வந்து நிக்கும். பேந்து எனக்கு வேலை இராது."

3.
[இங்கே கஜீவன் என்றொருவன் வந்தான், நிருஷாவைக் காதலிக்க. இரண்டு பந்தி பார்த்துவிட்டு வெட்டிவிட்டேன். எங்காவது நல்ல கதையில் இருக்கட்டும்.]

எழுத எழுத அறை குளிர்கிறது. அந்தப் பொடியன்கள் வெவ்வேறு நிறச் சட்டைகளோடு என் வெள்ளைத் தாளில் சத்தமில்லாமல் சறுக்குகிறார்கள். கோல் அடித்ததும் ஒவ்வொருவனும் மேல் வரிசையைத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே றெனோல்ட் அண்ணை தேத்தண்ணியோடு இருக்கிறார். எனக்கே அழுகை வந்தது.

4.
அன்று றெனோல்ட் அண்ணையே கன்ரீனுக்கு வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு நிருஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காக உம்மட வேலையைக் கெடுக்காதையும், பிள்ளை. நான் போறன். ஆனா அந்தப் பொடியளைப் பூச்சியம் எண்டு மட்டும் எழுதிப்போடாதையும்."

"ஓம் அண்ணை" என்றாள். அவர் கேட்டதே அவளை அதிகம் கெடுக்கும் என்று அவருக்கு விளங்கவில்லை.

5.
அவள் உண்மையை எழுதி, மேசையைக் காலி செய்துவிட்டு… இல்லை. வழக்கப்படி எழுதி, மெட்ரோவில் முகத்தை மூடிக்கொண்டு… அதுவும் இல்லை. இரண்டிலும் அவள் எனக்கு அசையவில்லை. நான் பொறுமையில்லாதவன், கஜீவனைக் கேளுங்கள்.

ஆகவே நிருஷாவை உங்களிடம் அனுப்புகிறேன். கன்ரீனில்தான் இருக்கிறாள், விரல்கள் விசைகளின் மேல். உங்களிடம் வந்து அவள் துணிந்து எழுதினால், அவளைத் தெரிவுசெய்தவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.