மூச்சு முட்டிய வீடு

செங்காங் அடுக்குமாடியில் சேதுபதியின் வீட்டுக் கதவைத் திறந்தாலே ப்ளீச் வாடை முகத்தில் அடிக்கும். கொவிட் காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. மனைவி இறந்த பிறகு வீட்டைப் பளபளவென்று வைத்திருப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. தரைக்கு ப்ளீச், கழிவறைக்கு ஆசிட், ஹாலுக்கு மல்லிகை ஸ்ப்ரே, அலமாரிக்குப் பாச்சை உருண்டை. தூசி வருமென்று ஜன்னலைத் திறக்கவே மாட்டார். மகன் ராஜீவுக்குக் கல்யாணமாகி அனுப்ரியா வந்ததும், மருமகள் குறை சொல்லிவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் இன்னும் தாராளமாக ஊற்றினார்.

ஆனால் அவள் வீட்டில் தங்குவதே அரிதாகிப் போனது. வேலை முடிந்து தாமதமாக வருவாள், வந்ததும் இருமிக்கொண்டே அறைக்குள் போய்விடுவாள். சனிக்கிழமையானால் சுவா சூ காங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அறைக்குள்ளிருந்து அவள் போனில் பேசுவது சேதுபதியின் காதில் விழுந்தது.

“இந்த வீட்டுல மூச்சே விட முடியலம்மா. மாமாகிட்ட எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவார்லா.”

தன்னைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு ஹாலுக்கு வந்தார்.

“நான் காத்தோங்குல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க.”

ராஜீவ் திகைத்தான். “என்னப்பா ஆச்சு?”

“மூச்சு விட முடியலன்னு அனுப்ரியா அவங்க அம்மாகிட்ட சொன்னதைக் கேட்டேன். நான் இருக்கறது தொந்தரவுதான்.”

அனுப்ரியா ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ மாமா! எனக்கு நிஜமாவே மூச்சு விட முடியல!”

கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள். “சின்ன வயசுல இருந்த ஆஸ்துமா, இங்க வந்ததும் திரும்பிடுச்சு. ப்ளீச், ஸ்ப்ரே நெடியாத்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னார். அம்மா வீட்டுல காத்து வரும், அங்க போனா சரியாயிடுது. இவர்கிட்டகூடச் சொல்லல.”

“அப்ப, என்னால இல்லையா?”

“உங்களால இல்ல மாமா. உங்க பாட்டில்களால!”

சேதுபதி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “பைத்தியக்காரன் மாதிரி உன்னை இருமவச்சிட்டேனேம்மா.”

“எனக்கும் காலையில தலை வலிக்கும்பா,” என்றான் ராஜீவ். “ஆபீஸ் டென்ஷன்னு நெனச்சுட்டேன்.”

அன்றே ஜன்னல்களைத் திறந்தார்கள். ஒன்று இறுகிப்போயிருந்தது, அப்பாவும் மகனுமாகத் தள்ளித்தான் நகர்ந்தது. பாட்டில்களை எடுத்து வைக்கும்போது அனுப்ரியா ஒன்றின் மேல் இருந்த எச்சரிக்கையைப் படித்து அதிர்ந்தாள். “மாமா, ப்ளீச்சையும் ஆசிடையும் சேர்த்தா விஷவாயு வருமாம்!” ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றிய நாட்களை நினைத்தபடி அவர் இரண்டையும் தனித்தனிப் பைகளில் போட்டார். ஸ்ப்ரேயும் பாச்சை உருண்டையும் வீட்டை விட்டு வெளியேறின. தரைக்கு இனி சோப்புத் தண்ணீர் போதும் என்று முடிவானது.

முதலில் அவருக்குத் திருப்தியே இல்லை. வாடை இல்லாத தரை துடைக்காத தரை போலவே பட்டது. ஆனால் நாளாக நாளாக மருமகளின் இருமல் அடங்கியது, ராஜீவின் தலைவலியும் போனது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அனுப்ரியா பையோடு வந்து நின்றாள். சுவா சூ காங்குக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தார்.

“தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போறேன். வர்றீங்களா மாமா?”

சேதுபதி செருப்பைத் தேடினார்.