மறுமுனை ஆள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வருவதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்து, சுருக்கம் போனதும் மடிப்பார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாது. பக்கத்து ஊர்ச் சலவைக்கூடத்தில் ஒன்றரை மடங்கு சம்பளம், எட்டே மணி நேர வேலை. யார்தான் இங்கே இருப்பார்கள்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றார்கள். எல்லோருக்கும் மூத்த பெரியக்கா ஒருநாள் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, மடித்து அடுக்கிய விரிப்புகள்மேல் சற்றே சாய்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

மறுவாரம், பெரியக்காவோடு ஜோடியாக நின்றுவந்த மடிப்புக்காரி தனியாக ஒரு முனையைப் பிடித்தபோது, எதிர்ப்பக்கம் மறுமுனை தானாக எழுந்து நின்றது. இரண்டு இழுப்பு. சந்தேகமே இல்லை, பெரியக்காவின் இழுப்புதான். இடது பக்கம் கொஞ்சம் ஓங்கியிருக்கும். மடிப்புக்காரி கதவுவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். ஆனாலும் மடித்தாள்.

பேயைவிடப் பெரிய பயம் அவளுக்கு வீட்டில் இருந்தது. நாலு வயது மகள் தூங்கியபிறகுதான் அவள் வீடு சேர்வாள். குழந்தை இப்போது சித்தியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. இன்னொரு ஆள் வந்தால் எட்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். கெஞ்சிக் கூத்தாடியதில் மேலாளர் ஒருவழியாக இறங்கிவந்தார்.

"நாளைக்குக் காலையில நானே நின்னு எண்ணுறேன். ஒரு ஆளால முடியலைன்னு தெரிஞ்சா, இன்னொரு ஆள் போடச் சொல்லி எழுதுறேன்."

அவர் போனதும் அவள் எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் வராத."

மறுநாள் முதல் விரிப்பு வந்தது. மறுமுனை தரையில் கிடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ள, "அம்மா" என்று முனகிவிட்டாள். அவ்வளவுதான், மறுமுனை விறுக்கென்று எழுந்தது. அடுத்ததும் எழுந்தது, அதற்கடுத்ததும் எழுந்தது. மேலாளரின் கண் கடிகாரத்திலும் அடுக்கிலும்தான் இருந்தது. விரிப்புக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம், பெரியக்கா உயிரோடிருந்த காலத்திலேயே அவருக்குக் கிடையாது.

"பரவாயில்லையே! மணிக்கு எண்பது விரிப்பு. உனக்கு எதுக்கும்மா இன்னொரு ஆளு?"

"நான் தனியா மடிக்கலை சார்..."

"பின்ன, பேயா வந்து மடிச்சுது?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையிலிருந்த முனையைப் பிடித்து உலுக்கினாள்.

"செத்துமா உனக்கு வேலையை விடத் தெரியலை? என் பொண்ணு என்னை மறந்துட்டே வர்றாக்கா!"

மறுமுனை நடுங்கியது. பிறகு மெல்லத் தரையில் இறங்கியது.

அதன்பிறகு பெரியக்கா வரவில்லை. இனி ஆளுக்கு மணிக்கு எண்பது என்று மேலாளர் சுவரில் ஒட்டிய தாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.