லாப்ரடார் கொடுக்காத நோட்டீஸ்

எங்கள் ஊரில் நாய்கள் கடிப்பதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு மூன்று நாள், கோம்பை நாய்க்கு ஒரு நாள். தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நோட்டீஸ் எழுதி, பாதம் பதித்து, டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடும். பொமரேனியன் தினமும் எல்லோருக்கும் அனுப்பும் என்பதால் அதை யாரும் பிரிப்பதில்லை. லாப்ரடாருக்கு மட்டும் விலக்கு. அது கடிக்காத இனம் என்று நகராட்சிப் பட்டியலில் இருக்கிறது.

நான் கூரியர் கொடுக்கிறவள். செவ்வாய்க்கிழமை வேதமாணிக்கம் சார் வீட்டு லாப்ரடார் என் கெண்டைக்காலைக் கடித்தது. கடிப்பதற்கு முன் உடம்பை விறைத்துக்கொண்டு நின்றது. உதட்டை நக்கியது. கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தது. நாயைப் பிடிக்கச் சொன்னேன். அது சிரிக்கிறது என்றார் சார்.

ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் நகல் இல்லாமல் ஊசி கிடையாது என்றார்கள். ரத்தம் வழிய நகராட்சிக்குப் போனேன். நாய்ப் பிரிவு எழுத்தர் தில்லைநாயகம் பட்டியலைப் புரட்டினார். லாப்ரடார் கடிக்காது, ஆகவே எனக்குக் காயம் இல்லை என்றார். காலைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்தேன். பல் தடங்களை எண்ணிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கோம்பைன்னு எழுதிக்கலாமா? இன்னைக்கே ஊசி போட்டுடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருக் கோம்பை ஆறு வருடமாக நோட்டீஸ் இல்லாமல் ஒருவரையும் தொட்டதில்லை. போன மாதம் என்னைக் கடித்தபோதுகூட முந்தின நாளே கடிதம் வந்தது. தடித்த பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். அதன் பெயரைக் கெடுத்துவிட்டு எனக்கு ஊசி வேண்டாம்.

"கடிச்சது லாப்ரடார். லாப்ரடார்னு எழுதுங்க" என்றேன்.

பட்டியலில் இடமில்லை என்றார். நான் காலை இறக்கி நிமிர்ந்து நின்றேன். தோள்கள் விறைத்தன. கண் இமைக்காமல் அவரையே பார்த்தேன். மேலுதடு தானாக உயர்ந்தது. தில்லைநாயகம் பேனாவை வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து கடி நோட்டீஸ் படிவம் ஒன்றை எடுத்தார்.

"எத்தனை நாள் அவகாசம் தர்றீங்க?"

"ஒரு நாள்."

முத்திரை குத்தி எனக்கு ஒரு நகல் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கு நகராட்சிக்குப் போனேன். தில்லைநாயகம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.