மாடுகளை மறைத்த சாம்பல் கட்டம்

யில்டௌவுக்கு அந்தச் சாம்பல் நிறக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுப் புத்தகத்தின் அட்டை இன்று மாலைக்குள் வாகெனிங்கன் நகரத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அப்பாவின் மாட்டுக் கொட்டகையையே அளந்து, அதற்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று கணினியில் சிவப்பும் நீலமுமாகப் புகை போல வரைந்திருந்தாள். அந்தப் புகையைக் கொட்டகையின் புகைப்படத்தின் மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தால், புகையோடு அதன் சாம்பல் பின்னணியும் வந்து சட்டமாக உட்கார்ந்து மாடுகளை மறைத்தது.

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பா, "ஏதோ காத்து" என்பார். இந்த அட்டையைப் பார்த்தாவது அவருக்குப் புரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

பின்னணியைக் கையாலேயே அழித்துப் பார்த்தாள். புகையின் ஓரம் எலி கடித்தது போல ஆனது.

பக்கத்து மேஜை வீபெ, சீஸ் ரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தான். பட்டத்துக்காகத் தேர்வாளர்கள் முன் அவள் வாதம் செய்யும் நாளில், அந்த ஊர் வழக்கப்படி கோட்டு போட்டுக்கொண்டு அவளுக்குத் துணையாக நிற்கப் போகிறவன்.

"என்ன டாக்டரம்மா, மாட்டுக்கு முடி வெட்டுறியா?"

"வாய மூடுடா. பின்னணி வேண்டாம்னு டிக் போட்டுத்தான் சேவ் பண்றேன். இந்தச் சனியன் கேக்கவே மாட்டேங்குது."

"எதுல சேவ் பண்ற?"

"எப்பவும் போல ஜேபெக்ல. ஃபைல் சின்னதா இருக்கணும்னு பேராசிரியர் உயிர வாங்குவாரே."

வீபெ ரொட்டியைக் கீழே வைத்தான். "அடிப்பாவி. வெத்திடத்த வெத்திடமா வைக்க ஜேபெக்குக்குத் தெரியாது, எதையாவது பூசி அடைச்சுடும். பிஎன்ஜில போடு."

போட்டாள். புகைக்குப் பின்னால் மாடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யில்டௌவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருப்படா நீ," என்றாள்.

வாதம் முடிந்த அன்று அப்பா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அட்டையில் இருந்த ஒரு மாட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது நம்ம ஹில்யேதான?"

"ஆமாப்பா."

விரல் அதன் மூக்கிலிருந்து சிவப்புப் புகையோடு மேலே ஏறி, கூரையில் முட்டித் திரும்பியது.

"வெளிய போக வழியில்லாம மறுபடி அவ மேலயே வருது. வடக்கு ஜன்னல நான் அடைச்சிருக்கக் கூடாது, இல்ல?"

புத்தகம் முழுக்க அவள் எழுதியிருந்ததும் அதைத்தான். யில்டௌ வீபெயின் கோட்டைப் பிடித்து இழுத்து வந்து அப்பா முன்னால் நிறுத்தினாள்.

"இவனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கப்பா."

"எதுக்கு?"

"உங்க கண்ணுக்கு ஹில்யே தெரியுறாளே, அதுக்கு."

அப்பா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் வீபெயின் கையைப் பிடித்தார்.